வடசென்னையிலிருந்து சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை: காரில் ஐந்து நாள் காட்டுப் பயணம், முழுமையான வழிகாட்டி

வடசென்னையிலிருந்து நீலகிரிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் போகிறார்கள். இரவு சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது, விடியும்போது மேட்டுப்பாளையம், குன்னூர் ஏறி ஊட்டி. பூங்கா, படகு, தொட்டபெட்டா பார்த்துவிட்டு வந்த வழியே திரும்புவது. அந்தப் பயணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊட்டிக்குக் கீழே, மலையின் வடக்குப் பக்கம், தென்னிந்தியாவின் மிகச் சிறந்த காடு ஒன்று நெடுஞ்சாலையின் இரு பக்கமும் விரிந்து கிடக்கிறது. நம் ஆட்களில் பலர் அதைப் பார்க்காமலே திரும்பி வருகிறார்கள்.

இந்த வழிகாட்டி அந்தக் காட்டுக்கானது. சத்தியமங்கலம், பந்திப்பூர், முதுமலை என்று மூன்று புலிகள் காப்பகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. மாநில எல்லைகளை நாம்தான் போட்டிருக்கிறோம், யானைக்கும் புலிக்கும் அது ஒரே காடு. 2022 கணக்கெடுப்பில் பந்திப்பூரில் 150 புலிகள், முதுமலையில் 114, சத்தியமங்கலத்தில் 85 என்று மதிப்பிட்டார்கள். இந்த மூன்றின் வழியாகவும் பொதுச் சாலை போகிறது. சொந்த காரிலேயே, சட்டப்படி, பகலில் கடக்கலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தை எந்த ஊரில் எதைப் பார்ப்பது என்று திட்டமிடக் கூடாது. எந்தச் சோதனைச்சாவடி எத்தனை மணிக்குத் திறக்கிறது, எத்தனை மணிக்கு மூடுகிறது, எந்த மலைச்சாலையில் எந்தத் திசையில் விடுவார்கள் என்பதைப் பார்த்துத் திட்டமிட வேண்டும். கீழே சொல்லும் சுற்று அப்படி அமைந்ததுதான்: சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர், முதுமலை, மசினகுடி, கல்லட்டி, ஊட்டி, கோத்தகிரி, மேட்டுப்பாளையம், வீடு. மொத்தம் சுமார் 1,250 கி.மீ. லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் வண்டி என்றால் 85 லிட்டர் பெட்ரோல் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதைத் தலைகீழாகச் சுற்ற முடியாது. காரணம் கல்லட்டி பகுதியில் வருகிறது.

படி 1: எந்த மாதம்?

பள்ளிக்கூட விடுமுறைக்காக எல்லோரும் மே மாதம் போகிறார்கள். காட்டுக்கு அது நல்ல நேரமில்லை. பிப்ரவரி பாதியிலிருந்தே இந்தப் பக்கம் இலையுதிர் காடு காய்ந்து கிடக்கும், காட்டுத்தீ பயம் இருக்கும். தீ பிடித்தால் சஃபாரியை நிறுத்திவிடுவார்கள். 2019 பிப்ரவரியில் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தது நினைவிருக்கலாம். இலை உதிர்ந்த காட்டில் விலங்குகள் தூரத்திலிருந்தே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மே மாத ஊட்டி நெரிசல் அந்த லாபத்தைத் தின்றுவிடும்.

பொங்கல் கூட்டம் ஓய்ந்த பிறகு, ஜனவரி கடைசி முதல் பிப்ரவரி முதல் பாதி வரை ஒரு நல்ல காலம். புல் காய ஆரம்பித்திருக்கும், காடு முழுதாக மொட்டையாகியிருக்காது. இன்னொன்று ஆகஸ்ட், செப்டம்பர். தென்மேற்குப் பருவமழையில் காடு பச்சைப்பசேல் என்று இருக்கும், குண்டல்பேட்டை வயல்களில் செண்டுமல்லியும் சூரியகாந்தியும் பூத்திருக்கும். மசினகுடி மலையின் மழை மறைவுப் பக்கம் என்பதால் கூடலூர் நனைந்துகொண்டிருக்கும்போதுகூட அங்கே ஓரளவு வெயில் இருக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை மலைச்சாலைகளில் மண்சரிவைக் கொண்டுவரும். அதைத் தவிர்ப்பது நல்லது.

சனி, ஞாயிறு காட்டுக்குள் இருக்காதபடி பாருங்கள். சனிக்கிழமை கிளம்பினால் சத்தியமங்கலத்தில் சனி இரவு, ஞாயிறு மாலை மசினகுடி என்று அமையும். அதைவிட ஞாயிறு விடியலில் கிளம்புவது மேல். நீங்கள் காட்டுக்குள் நுழையும்போது வாரக்கடைசிக் கூட்டம் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

படி 2: வீட்டிலிருந்தே முடிக்க வேண்டியவை

நீலகிரி மாவட்டத்துக்குள் வெளியூர் வண்டிகள் நுழைய இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வைக்கிறார்கள். கர்நாடகப் பக்கமிருந்து கக்கநல்லா சாவடி வழியாக நுழைந்தாலும் இ-பாஸ் வேண்டும். முதுமலை, மசினகுடி எல்லாம் நீலகிரி மாவட்டம்தான் என்பதைச் சிலர் மறந்துவிட்டு, காட்டுக்கு நடுவே சாவடியில் போய் சிக்னல் தேடுகிறார்கள். வீட்டிலேயே எடுத்து, திரையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து தங்குமிடம். முதல் இரவு சத்தியமங்கலத்தில் சாதாரண லாட்ஜ் போதும், காலை ஐந்தரைக்குக் காலி செய்துவிடப் போகிறீர்கள். இரண்டாவது, மூன்றாவது இரவு மசினகுடி. இங்கேதான் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். மசினகுடியை உள்ளடக்கிய சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் பாதை. அந்த வலசைப் பாதையில் கட்டிய விடுதிகள் பல 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின் பேரில் சீல் வைக்கப்பட்டன. 2020 அக்டோபரில் தமிழக அரசின் வலசைப் பாதை அறிவிப்பு செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஜனவரியில் இதே மசினகுடியில் விடுதிப் பக்கம் வந்த ஒரு யானை மீது யாரோ எரியும் பொருளை வீச, காயம்பட்ட அந்த யானை இறந்துபோனது. அதனால் 'காட்டுக்குள்ளேயே, ஆற்றோரத்திலேயே, இரவில் கேம்ப்ஃபயர், டிஜே' என்று விளம்பரம் செய்யும் இடங்களைப் பார்த்தால் நகர்ந்துவிடுங்கள். மசினகுடி ஊருக்குள், உரிமம் உள்ள, எட்டு மணிக்கு விளக்கைக் குறைக்கிற இடமாகப் பாருங்கள். அல்லது முதுமலையில் வனத்துறையின் சொந்த விடுதிகளே இருக்கின்றன. அவற்றை முன்பதிவு செய்தால்தான் கிடைக்கும், முயன்று பாருங்கள்.

சஃபாரி ஒன்று போதும் என்பது என் கருத்து. முதுமலையில், காலை நேரத்தில். பந்திப்பூரில் மதியம் ஒரு சஃபாரி, முதுமலையில் காலை ஒன்று என்று இரண்டையும் திணித்தால் பந்திப்பூரிலிருந்து கிளம்பவே இருட்டிவிடும். பந்திப்பூர்தான் முக்கியம் என்று நினைப்பவர்கள் ஒன்று செய்யலாம்: இரண்டாவது இரவை குண்டல்பேட்டைப் பக்கம் தங்கி, மறுநாள் காலை சஃபாரி முடித்து மசினகுடி வரலாம். எப்படியானாலும் கிளம்பும் முன் சஃபாரி நடக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். 2025 நவம்பரில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததை அடுத்து பந்திப்பூர், நாகரஹொளே இரண்டிலும் சஃபாரியை நிறுத்தினார்கள். இப்படித் திடீரென்று நிற்பது உண்டு.

படி 3: வண்டியும் மூட்டையும்

பிரேக், டயர், கூலன்ட். இந்த மூன்றையும் ஒரு மெக்கானிக் கையில் காட்டாமல் கிளம்ப வேண்டாம். துறைமுகம், மணலி, எண்ணூர் சாலைகளில் தினமும் ஓடும் வண்டியின் டயரில் கன்டெய்னர் லாரிகளிலிருந்து விழுந்த ஆணி, இரும்புத்துண்டு ஏதாவது குத்திக்கொண்டு இருக்கும். பஞ்சர் ஆகாமல் மெதுவாகக் காற்று இறங்கிக்கொண்டிருக்கலாம். காட்டு நடுவே இறங்கி டயர் மாற்றுகிற நிலை வரவே கூடாது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சின்ன தண்ணீர் பாட்டில், கேரி பேக் எல்லாவற்றையும் சாவடியில் வாங்கிவைத்துவிடுவார்கள். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில், ஒரு பெரிய கேன், சாப்பாட்டுக்கு டிபன் கேரியர். மலை மேல் குடிநீர் ஏடிஎம்கள் இருக்கின்றன, நிரப்பிக்கொள்ளலாம். கடலோரத்தில் வளர்ந்த நமக்கு ஊட்டியின் 2,240 மீட்டர் உயரம் குளிரும். ஸ்வெட்டர், குழந்தைகளுக்குக் குல்லா. வாந்தி வரும் என்பவர்களுக்கு மாத்திரையை மலை ஏறும் முன் அரை மணி நேரத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இரண்டாவது கொண்டை ஊசியில் கொடுத்துப் பயனில்லை. ஆஃப்லைன் வரைபடம், ஒரு பைனாகுலர். பைனாகுலரை மறக்காதீர்கள். கேமராவைவிட அது பயன்படும்.

படி 4: வடசென்னையை விட்டு வெளியேறுவது

காலை 4 மணிக்குள் சாலையில் இருக்க வேண்டும்.

திருவொற்றியூர், எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்கள் மணலி – மாதவரம் இருநூறடிச் சாலையில் வந்து, மாதவரத்திலிருந்து சென்னை பைபாஸைப் பிடியுங்கள். புழல், அம்பத்தூர் தாண்டி மதுரவாயலில் பெங்களூரு நெடுஞ்சாலையில் இறங்கலாம். மீஞ்சூர், பொன்னேரி, செங்குன்றம் ஆட்களுக்கு வெளிவட்டச் சாலைதான் சுகம். நசரத்பேட்டையில் வெளியேறினால் பூந்தமல்லி நெரிசலே கிடையாது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என்றால் மூலக்கடை வழியாக மாதவரம் போவதும் கோயம்பேடு வழியாக மதுரவாயல் போவதும் அந்த நேரத்தில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் கோயம்பேட்டில் காய்கறி லாரிகள் இரவு முழுக்க நிற்கும். நான் மூலக்கடையைத்தான் சொல்வேன்.

படி 5: முதல் நாள், சத்தியமங்கலம் வரை

தூரம் 450 கி.மீ.க்குச் சற்றுக் கூட. ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி. வேலூரில் காலை டிபன். ஆம்பூரைத் தாண்டும்போது பிரியாணிக்கு நேரமாகியிருக்காது, திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

தர்மபுரி தாண்டியதும் தொப்பூர் கணவாய். நாம் போகும் திசையில் இது இறக்கம், பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னே போகும் வண்டிகளில் மோதுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. இடதுபுறம், மூன்றாவது கியர், முன்னால் போகும் லாரிக்கும் பின்னால் வரும் லாரிக்கும் நடுவில் சிக்காத இடைவெளி. தொப்பூரிலேயே சேலம் சாலையை விட்டுவிட்டு மேட்டூர் சாலையில் திரும்புங்கள். சேலம், பவானி வழியாக நெடுஞ்சாலையிலேயே போனால் கொஞ்சம் வேகம்தான். ஆனால் மேட்டூர் வழியில் காவிரி உங்களோடு வரும்.

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். நம் பழைய சிறைச்சாலை சாலை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் பெயர் கொடுத்த அதே கவர்னர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லிதான். பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அந்த ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளைகளாக இருந்தால் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். மதியத்துக்கு இங்கே அணை மீன் வறுவல் கடைகள். காசிமேட்டு மீன் சாப்பிட்ட நாக்குக்கு ஆற்றுமீன் கொஞ்சம் மண்வாசனை அடிக்கும். மசாலா நன்றாகப் பிடித்த சின்ன மீனாகக் கேளுங்கள்.

அப்புறம் அம்மாபேட்டை, அந்தியூர், அத்தாணி, சத்தியமங்கலம். மாலை நான்கு, ஐந்து மணிக்குள் சேர்ந்துவிடலாம். இன்னும் வெளிச்சம் இருக்கிறதே, திம்பம் ஏறிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பத்து மணி நேரம் ஓட்டிய களைப்பில் மலையும் யானைக்காடும் சேர்ந்து வரும் சாலையில் ஏறக் கூடாது. மேலும் அந்த அழகைச் சாயங்கால மங்கலில் வீணாக்குவானேன்?

படி 6: இரண்டாம் நாள், திம்பம்

காலை 6 மணிக்குப் பண்ணாரி சாவடியில் நில்லுங்கள். திம்பம் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது, காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் இதைக் கறாராக நடைமுறைப்படுத்தச் சொன்னது. சாவடிக்கு முன்னால் பண்ணாரி அம்மன் கோயில். கும்பிட்டுவிட்டு ஏறுங்கள், லாரிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

27 கொண்டை ஊசி வளைவுகள். மலை ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. ஆனால் வளைவில் லாரி முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், அதனால் வளைவுக்கு முன்பே நின்று அதற்கு வழிவிடுவது புத்திசாலித்தனம். ஏற ஏறக் காடு மாறுவதைக் கவனியுங்கள். பண்ணாரியில் முள்மரங்கள், வேலமரம், காய்ந்த மண். பாதி மலையில் வேங்கையும் நெல்லியும் கொன்றையும் கலந்த இலையுதிர் காடு. கீழே திரும்பிப் பார்த்தால் பவானிசாகர் வரை சமவெளி விரிந்திருக்கும். அந்தப் பள்ளத்தில்தான் மாயாறு ஓடிவந்து பவானியோடு சேர்கிறது. அடுத்த மூன்று நாட்களும் நீங்கள் சுற்றப்போவது அந்த மாயாற்றைத்தான்.

சத்தியமங்கலம் 2008-ல் சரணாலயமாகி 2013-ல் புலிகள் காப்பகமானது. பரப்பு 1,400 சதுர கி.மீ.க்கு மேல், தமிழ்நாட்டின் பெரிய காப்பகங்களில் ஒன்று. ஒரு காலத்தில் வீரப்பன் பெயரைச் சொன்னாலொழிய இந்தக் காட்டை யாருக்கும் தெரியாது. அதே காடு, புலி எண்ணிக்கையை இரட்டிப்பாக்கியதற்காக 2022-ல் உலக அளவிலான டிஎக்ஸ்2 விருது வாங்கியது. தமிழ்நாட்டில் நாம் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டிய சாதனை இது.

திம்பம் தாண்டி ஆசனூர். இங்கிருந்து காரப்பள்ளம் சாவடி வரைதான் யானைகள் அதிகம் சாலையில் நிற்கும். கர்நாடகப் பக்கமிருந்து கரும்பு ஏற்றிவரும் லாரிகள் உயரம் தாண்டினால் சாவடியில் கட்டுகளைத் தள்ளிவிட, அந்தக் கரும்பின் ருசி கண்ட யானைகள் லாரியை வழிமறிக்கவே பழகிவிட்டன. சிரித்துக்கொண்டே படம் எடுக்கிற காட்சி என்று நினைக்காதீர்கள். லாரி என்றால் கரும்பு என்று கற்றுக்கொண்ட யானை, கார் என்றால் பழம் என்றும் கற்றுக்கொள்ளும். ஜன்னல் வழியாக ஒரு வாழைப்பழம்கூட வெளியே போகக் கூடாது.

காட்டுச் சாலையில் ஓட்டும் முறை

இந்தப் பகுதியைக் குடும்பத்தில் எல்லோரும் படியுங்கள். ஓட்டுபவர் மட்டும் படித்தால் போதாது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கத்துவது பின்சீட்டுதான்.

வேகம் 30, அதிகம் போனால் 40. சாலை நன்றாக இருக்கும், கால் தானாக அழுத்தும். ஒரு புள்ளிமான் குறுக்கே ஓடினால் அதோடு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம், பின்னால் கூட்டம் இருக்கும். ஹாரன் வேண்டாம், பாட்டு வேண்டாம். காட்டுக்குள் நிறுத்துவதும் இறங்குவதும் சட்டப்படி குற்றம், அபராதம் போடுவார்கள். மெதுவாக ஊர்ந்துகொண்டே பார்க்கலாம். இயற்கை அழைப்பையெல்லாம் சாவடிக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள்.

பார்க்கத் தெரிந்தால் சாலையே நிறையச் சொல்லும். பச்சையாக, ஈரம் காயாத லத்தி (யானைச் சாணம்) கிடந்தால் யானை சற்று முன்புதான் கடந்திருக்கிறது. மூங்கில் புதிதாக ஒடிந்து கிடந்தால் பக்கத்திலேயே மேய்ந்துகொண்டிருக்கலாம். புள்ளிமான்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்துக் காதை விறைத்து நின்றால், மரத்தின் மேல் மந்தி இருமுவது போலத் திரும்பத் திரும்பக் குரல் கொடுத்தால், அங்கே புலியோ சிறுத்தையோ நடமாடுகிறது. புலி உங்கள் கண்ணில் படாமல் போகலாம், ஆனால் அந்த இடத்தில் அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கடப்பதே ஒரு சிலிர்ப்பு. தனியாகத் திரியும் பெரிய கறுப்பு உருவம், காலில் வெள்ளை சாக்ஸ் போட்டது போல இருந்தால் அது காட்டுமாடு. சாது போல நிற்கும், நம்ப வேண்டாம். சிவந்த நாய்கள் கூட்டமாகப் போனால் செந்நாய், அதைப் பார்ப்பது புலியைப் பார்ப்பதற்குச் சற்றும் குறையாத பேறு.

யானை சாலையில் நின்றால் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள், ரிவர்ஸ் கியருக்குத் தயாராக இருங்கள். விளக்கைச் சிமிட்டாதீர்கள். பெண் யானையும் குட்டியும் சாலையின் இரு பக்கம் பிரிந்து நின்றால் நடுவில் புகவே கூடாது. காதை விரித்து, தும்பிக்கையைத் தூக்கி, இரண்டடி ஓடி வந்து நின்றால் அது எச்சரிக்கை, மெல்லப் பின்னால் போங்கள். தும்பிக்கையைச் சுருட்டி, தலையைத் தாழ்த்தி, காதை ஒட்டவைத்து வந்தால் அது எச்சரிக்கையைத் தாண்டிவிட்டது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழியும் ஒற்றை ஆண் யானையைக் கண்டால் தூரத்திலேயே திரும்பி, உள்ளூர் பஸ் வரும்வரை காத்திருந்து அதன் பின்னால் போங்கள். அந்த ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு யானையின் குணமும் தெரியும்.

படி 7: சாம்ராஜ்நகர், குண்டல்பேட்டை, பந்திப்பூர்

காரப்பள்ளம் தாண்டினால் கர்நாடகம். சாம்ராஜ்நகரில் காலை டிபன், தட்டே இட்லியும் காபியும். குண்டல்பேட்டையில் டேங்கை நிரப்பிவிடுங்கள், மதிய உணவையும் இங்கே முடித்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருக்கும். ஹிமவத் கோபாலசுவாமி மலைக்குப் போய்வாருங்கள். 1,454 மீட்டர் உயரத்தில், பந்திப்பூர் காட்டுக்குள்ளேயே இருக்கும் வேணுகோபாலர் கோயில். சொந்த வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு அரசு பஸ்ஸில்தான் ஏற முடியும். அது ஒரு வகையில் நல்லது, ஓட்டுபவருக்கும் பார்க்க வாய்ப்புக் கிடைக்கும். மேலே புல்வெளி, சுற்றிலும் காடு. பனிமூட்டம் விலகினால் எதிர்ச்சரிவில் யானைகள் மேய்வது தெரியும்.

மூன்றரை மணிக்குக் கிளம்பி பந்திப்பூருக்குள் நுழையுங்கள். மைசூர் மகாராஜாக்களின் வேட்டைக்காடாக இருந்தது இது. 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது தேர்ந்தெடுத்த முதல் ஒன்பது காடுகளில் ஒன்று. நான்கு மணிக்கு மேல் வெயில் தாழும்போது மான்களும் யானைகளும் சாலையோரப் புல்லுக்கு வரும். அதனால்தான் இந்த நேரத்தைச் சொல்கிறேன். இந்தச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். வண்டியில் அடிபட்டு விலங்குகள் சாவதைத் தடுக்க 2009-ல் வந்த தடை. வியாபாரிகளும் அரசியல்வாதிகளும் எவ்வளவோ அழுத்தம் கொடுத்தும் இது நிற்கிறது, நிற்கவும் வேண்டும். ஒன்பது வரை நேரம் இருக்கிறதே என்று எட்டு மணிக்கு நுழையாதீர்கள். ஆறரைக்குள் மசினகுடி போய்ச் சேர்வதுதான் கணக்கு.

கக்கநல்லாவில் இ-பாஸ், பிளாஸ்டிக் சோதனை. அப்புறம் முதுமலை. தெப்பக்காட்டில் இடதுபுறம் திரும்பி மாயாற்றைக் கடந்தால் ஏழெட்டு கி.மீ.யில் மசினகுடி.

படி 8: மூன்றாம் நாள், முதுமலை

இந்த நாளில் காரை அதிகம் எடுக்க வேண்டாம்.

1940-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடு, தென்னிந்தியாவின் மிகப் பழைய சரணாலயங்களில் ஒன்று. பரப்பு 321 சதுர கி.மீ. காலை சஃபாரிக்குத் தெப்பக்காடு வரவேற்பு மையத்தில் சீக்கிரமே நில்லுங்கள். வனத்துறை வண்டியில் மட்டும் ஏறுங்கள். மசினகுடியில் 'ஜீப் சஃபாரி, நைட் சஃபாரி' என்று அணுகுபவர்கள் பலர். அவர்கள் அழைத்துப்போவது நீங்கள் ஏற்கெனவே வந்த பொதுச்சாலை, இல்லையென்றால் சட்டவிரோதமாக யானைத்தடம். இரவில் விளக்கடித்து விலங்கைத் தேடுவது குற்றம். காசு கொடுத்து அதில் பங்கேற்காதீர்கள்.

சஃபாரி முடிந்து எட்டரை மணிபோல யானைகள் முகாம். ஆசியாவின் மிகப் பழைய யானை முகாம்களில் ஒன்று. கேழ்வரகு, கொள்ளு, அரிசி எல்லாம் சமைத்து, வெல்லமும் தேங்காயும் தாது உப்பும் சேர்த்து, ஒவ்வொரு யானைக்கும் அதன் வயதுக்கும் எடைக்கும் ஏற்ற அளவில் கவளமாக உருட்டி ஊட்டுவார்கள். பாகன்கள் பெரும்பாலும் இந்தக் காட்டின் குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், தலைமுறையாக இதே வேலை. அவர்கள் யானையிடம் தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். ஊருக்குள் புகுந்து உயிர்ச்சேதம் செய்து பிடிபட்ட காட்டு யானைகள்கூட இங்கே கும்கிகளாக மாறியிருக்கின்றன.

மதியம் ஓய்வு. மாலையில் மசினகுடியிலிருந்து மாயாறு கிராமம் போகும் சாலை. வானத்தைப் பாருங்கள். பாறு கழுகுகள் வட்டமிடலாம். மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலி மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்து, இந்தியா முழுக்க அவற்றை ஏறக்குறையத் துடைத்தெடுத்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். வெண்முதுகுப் பாறுகள் தெற்கே இவ்வளவு தூரத்தில் இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது இந்த மாயாற்றுப் பள்ளத்தாக்கின் நீர்மருது மரங்களில்தான். புலி பார்க்காமல் திரும்பினால் வருத்தப்பட வேண்டாம். பாறு பார்த்தால் அது அதைவிட அரிது.

சாலையோரம் ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த பூவோடு அடர்ந்து கிடக்கும் புதர் உண்ணிச்செடி. அழகாக இருக்கிறது என்று படம் எடுக்கிறார்கள். அது வெளிநாட்டிலிருந்து வந்து புல்லை அழித்து, மானுக்கும் யானைக்கும் மேய்ச்சலே இல்லாமல் செய்யும் களை. காட்டுக்குள் உணவு குறைந்தால் யானை வயலுக்குத்தான் வரும்.

படி 9: நான்காம் நாள், கல்லட்டி

மசினகுடியிலிருந்து மாவனல்லா, வாழைத்தோட்டம் வழியாக ஊட்டிக்கு முப்பது கி.மீ.கூட இல்லை. நடுவில் 36 கொண்டை ஊசிகள், செங்குத்தான ஏற்றம். இந்தச் சாலையில் வெளிமாவட்ட வண்டிகளுக்கு ஏற மட்டுமே அனுமதி. இறங்கும்போது பிரேக் சூடாகிப் பள்ளத்தில் விழுந்து பல உயிர்கள் போனதால், ஊட்டி பக்கம் தலைகுந்தாவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நம் சுற்று இந்தத் திசையில் அமைந்தது அதனால்தான்.

ஏசியை அணைத்துவிட்டு முதல், இரண்டாவது கியரில் ஏறுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் மேனுவல் அல்லது 'எல்' நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் முழு மூட்டையும் ஏற்றிய சின்ன கார் திணறும், எஞ்சின் வெப்பமுள்ளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பின்னால் வருபவர் ஒதுங்கி முந்தட்டும்.

ஊட்டியைப் பற்றி உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும்: வரையாடுகளின் வீடான முக்குருத்தி தேசியப் பூங்கா இங்கிருந்து மேற்கே இருக்கிறது, ஆனால் காரில் போய்ப் பார்க்கும் இடமல்ல. சோலைக்காட்டைப் பார்க்க விரும்பினால் அவலாஞ்சியில் வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா வண்டியில் போகலாம். இரவு ஊட்டியைவிடக் கோத்தகிரியில் தங்குங்கள், அமைதி அதிகம். மாலையில் தேயிலைத் தோட்டங்களில் காட்டுமாடுகள் வரும், நடைப்பயிற்சிக்குப் போகும்போது வளைவுகளில் கவனம்.

படி 10: ஐந்தாம் நாள், வீட்டுக்கு

விடிந்ததும் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குங்கள். குன்னூர் சாலையைவிட இது சற்று எளிது, கோடை சீசனில் போலீசாரே இறங்கும் வண்டிகளை இந்தப் பக்கம்தான் அனுப்புவார்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும். காலை பிரேக்கில் வைத்துக்கொண்டே இறங்கினால் கருகிய வாடை வரும். வந்தால் ஒதுக்கி நிறுத்தி, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான டிஸ்க் வளைந்துவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர், அவிநாசி, சேலம், கிருஷ்ணகிரி என்று நெடுஞ்சாலையிலேயே வந்துவிடலாம். 500 கி.மீ. சொச்சம். தொப்பூர் இந்தத் திசையில் ஏற்றம், அவ்வளவு பயமில்லை. ஒரே ஓட்டுநர் என்றால் இதை ஒரு நாளில் முடிக்க முயலாமல் சேலத்தில் ஓர் இரவு தங்குவது நல்லது. இரண்டு பேர் மாறி மாறி ஓட்ட முடிந்தால் மதியம் மூன்று மணிக்குள் ஆம்பூர் பிரியாணி, இரவு எட்டுக்குள் மதுரவாயல். அங்கிருந்து வடக்கே திரும்பும்போது ஒன்றைக் கவனத்தில் வையுங்கள்: இரவு பத்துக்கு மேல் மாதவரம் – மணலி சாலையும் எண்ணூர் விரைவுச்சாலையும் கன்டெய்னர் லாரிகளால் அடைத்துக்கொள்ளும். நேரமாகிவிட்டால் திருவொற்றியூர் ஆட்கள் மூலக்கடை, வியாசர்பாடி, தண்டையார்பேட்டை வழியாகவே வீடு போய்ச் சேருங்கள்.